களஞ்சியம் நிறைந்திருக்கப் பசித்திருத்தல்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோயைப் பற்றிப் பேசுதற்கு மருத்துவர் பலர் இருக்க, பள்ளியில் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் ஏன் மேடை ஏறினான் என்று உங்களிற் சிலர் ஐயுறக்கூடும். அவ்வையம் நேரியதே. யாம் மருத்துவர் அல்லேம். மருந்து கூறவும் வந்திலேம். எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழையை அவைமுன் ஒப்புக்கொள்ளவும், அப்பிழை உங்கள் இல்லங்களில் நேராதிருக்க வழி கூறவுமே வந்தேம். அப்பிழையின் காரணத்தை அறியும்பொருட்டு மருத்துவரை அடுத்துக் கேட்டும், நூல்களைக் கற்றும் தெளிந்தனவற்றை உங்கள்முன் வைக்கின்றேம். குற்றங் காணின் பொறுத்தருள்க.

சோகை என்னும் சொல்லை அறியாத குடும்பம் நம்முள் இல்லை. முகம் வெளுத்தல், மாடிப்படி ஏறின் மூச்சு வாங்கல், காலையில் எழும்போதே களைத்திருத்தல், நெஞ்சு படபடத்தல் ஆகிய இவற்றைக் கண்டவுடன் ‘இரத்தம் இல்லை’ என்கின்றோம். சித்த மருத்துவ நூலார் இதனைப் பாண்டு என்பர். பாண்டு என்பது வெண்மையை உணர்த்தும் சொல். அந்நோய்க்கு அயச்செந்தூரத்தை, அஃதாவது இரும்பாற் செய்த மருந்தை, அவர் வழங்கினர். இக்காலத்து மருத்துவரும் இரும்புச் சத்து மாத்திரையையே பெரும்பாலும் தருகின்றனர். ஆகவே சோகை எனின் இரும்புக் குறைவு, இரும்புக் குறைவு எனின் டானிக்கு, என்று இரண்டடிச் சூத்திரம் போல நம் மனத்தில் ஒன்று பதிந்துவிட்டது.

இச்சூத்திரம் பொய்யன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள மகளிருள் நூற்றுக்கு 57 பேர் சோகை உடையவர். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேற்பட்டவர் அத்தகையரே. இவருள் மிகப் பலர்க்கு இரும்புக் குறைவே காரணம். ஆனால் எந்தச் சூத்திரத்துக்கும் புறனடை உண்டு என்பதை இலக்கணம் கற்றார் அறிவர். புறனடை அறியாது சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்டவன் படும் பாடு எத்தகையது என்பதற்கு எம் தமக்கையாரின் வரலாறே சான்று.

எம் தமக்கையார் எம்மினும் ஒன்பது ஆண்டு மூத்தவர். தாயை இளமையிலேயே இழந்த எம்மை வளர்த்தவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர் மெலிந்து வெளுக்கத் தொடங்கினார். இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 9.4 என வந்தது. மகளிர்க்கு அது 12க்குக் குறையலாகாது, ஆடவர்க்கு 13க்குக் குறையலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. யாம் உடனே ஒரு மருந்துக் கடைக்குச் சென்று, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த டானிக்கை வாங்கி வந்தேம். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், பனைவெல்லம் என்று நாள்தோறும் ஏதேனும் ஒன்று அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சுவரொட்டி நல்லது என்று ஒருவர் கூற, ஞாயிறுதோறும் கறிக்கடையில் விடியற்காலையில் நின்று அதனையும் வாங்கினேம். திங்கள் பத்துக் கழிந்தன. மீண்டும் சோதித்தோம், ஹீமோகுளோபின் 9.1 என வந்தது. வயிறு கட்டியதும் மலம் கறுத்ததுமே மிச்சம்.

அன்று யாம் கூறிய சொல் இன்றும் எம் நெஞ்சைச் சுடுகின்றது. “அக்கா, வாங்கித் தந்ததை எல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் பட்டினி கிடக்கின்றீர்கள். மாத்திரையையும் ஒழுங்காக விழுங்குவதில்லை” என்று கடிந்தேம். அவர் மறுமொழி கூறவில்லை. சிறிது நேரம் கழித்து, “தம்பி, நான் தின்னாமலா இருக்கிறேன்?” என்று மட்டும் கேட்டார். அப்போது அவர் கையிலிருந்த பித்தளைச் செம்பைத் திறக்க இயலாமல் இரு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். அதனையும் யாம் கண்டேம், கண்டும் கண்டிலேம்.

பின்னர் ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேம். அவர் இரத்தச் சோதனைச் சீட்டை நோக்குவதற்கு முன் தமக்கையாரின் விரல்களை நோக்கினார். “காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க எவ்வளவு நேரம் ஆகும், அம்மா?” என்று வினவினார். “வாசல் தெளித்துக் கோலமிட முடிவதில்லை, ஐயா. வெயில் ஏறிய பிறகுதான் விரல் வழிக்கு வரும்” என்றார் தமக்கையார். எத்தனை காலமாக என்று கேட்டதற்கு, மூன்று ஆண்டுகளாக என்றார். மூன்று ஆண்டுகள்! வயது ஆனமையால் வந்தது என அவரும் கூறவில்லை; வீட்டு வேலையால் வந்தது என யாமும் கேட்கவில்லை. அது முடக்குவாதம் என்னும் கீல்நோய். சோகைக்கும் அதுவே மூலம் என்று மருத்துவர் விளக்கினார்.

விரலில் உள்ள நோய்க்கும் இரத்தத்தில் உள்ள குறைக்கும் தொடர்பு யாது? இதுவே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் அழற்சி என்னும் சொல்லை நோக்குவோம். அழல் என்பது தீ. உடம்பின் ஓரிடத்திற் காயமோ கிருமியோ புகுந்தால், அவ்விடம் சிவக்கும், வீங்கும், வெம்மையுறும், நோகும். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர் உரோம நாட்டிற் செல்சசு என்பார் இந்நான்கு குறிகளையும் தொகுத்துக் கூறினார். இத்தீ தீயதன்று, பகையை அழித்துப் புண்ணை ஆற்றுதற்கு உடம்பு தானே மூட்டிக்கொள்வது. சின்னாளில் வேலை முடிந்ததும் அவிந்துவிடும். ஆனால் சில நோய்களில் அஃது அவிவதில்லை. காசநோய், ஆறாத எலும்புப் புண், முடக்குவாதம், குடலழற்சி, நாட்பட்ட சிறுநீரக நோய், சிலவகைப் புற்றுநோய் ஆகிய இவற்றில் அது திங்கள் பலவாக, ஆண்டு பலவாக, நீறு பூத்த நெருப்புப் போல உள்ளே கனன்றுகொண்டிருக்கும். இதுவே நாட்பட்ட அழற்சி.

இனி இரத்தத்தின் இயல்பைக் காண்போம். இரத்தத்துக்குச் செந்நிறம் தருவது செவ்வணு. அதனுள் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின் என்னும் பொருளே நாம் உள்வாங்கும் மூச்சிலுள்ள உயிர்வளியை உடம்பெங்கும் சுமந்து செல்வது. ஒரு செவ்வணுவில் ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் உள்ளன. ஒவ்வொரு மூலக்கூற்றிலும் 4 இரும்பணுக்கள் உள்ளன. எலும்பின் உள்ளீடாகிய மச்சையிற் பிறக்கும் செவ்வணு 120 நாள் வாழ்ந்து மடியும். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் செவ்வணுக்கள் நம் உடம்பிற் பிறக்கின்றன. அங்ஙனமாயின் நாள்தோறும் எவ்வளவு இரும்பு வேண்டும்? 20 முதல் 25 மில்லிகிராம் வேண்டும். நாம் உண்ணும் உணவிலிருந்து குடல் ஏற்பதோ 1 முதல் 2 மில்லிகிராமே. எஞ்சியது எங்கிருந்து வருகின்றது?

ஈண்டுத்தான் உடம்பின் சிக்கனத்தை வியத்தல் வேண்டும். மடிந்த செவ்வணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் உட்கொண்டு, அவற்றிலுள்ள இரும்பைப் பிரித்தெடுத்து, மீண்டும் இரத்தத்தில் விடுகின்றன. அவ்விரும்பு மச்சைக்குச் சென்று புதிய செவ்வணுவாகின்றது. பழைய பாத்திரத்தை உருக்கிப் புதிய பாத்திரம் வார்க்கும் கன்னாரைப் போல்வன இவை. உடம்பில் உள்ள இரும்பு மொத்தம் 3 முதல் 4 கிராமே ஆயினும், அது சுழன்றுகொண்டே இருத்தலான் நாம் வாழ்கின்றோம். எனவே இரும்பு உடம்பில் இருத்தல் மட்டும் போதாது. அது செல்லவேண்டிய இடத்துக்குச் செல்லவும் வேண்டும். இதனை நீவிர் நன்கு நினைவிற் கொள்க.

இரும்பு உயிரணுவை விட்டு இரத்தத்துள் புகுவதற்கு ஒரு வாயில் உண்டு. அதற்கு ஃபெரோபோர்ட்டின் என்று பெயர். குடலின் உயிரணுக்களுக்கும் இதுவே வாயில். விழுங்கணுக்களுக்கும் இதுவே வாயில். இவ்வாயிலுக்குக் காவலன் ஒருவன் உளன். அவன் கல்லீரலிற் பிறக்கும் ஹெப்சிடின் என்னும் சிறு பொருள். 2000, 2001ஆம் ஆண்டுகளிலேதான் அறிஞர் அதனைக் கண்டறிந்தனர். ஹெப்சிடின் மிகுந்தால் வாயிலைப் பற்றி உள்ளிழுத்துச் சிதைத்துவிடும், வாயில் அடைபடும். ஹெப்சிடின் குறைந்தால் வாயில்கள் பெருகும். இரும்பு தாராளமாக வெளிவரும். நோயற்ற காலத்தில் இரும்பு மிகுந்தபோது அடைத்தும், குறைந்தபோது திறந்தும் இக்காவலன் நடுநிலை பிறழாது பணிபுரிகின்றான்.

அழற்சி வந்தபோது நேர்வது யாது? அழற்சியில் ஈடுபட்ட அணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் செய்திப் பொருளை வெளியிடுகின்றன. அது கல்லீரலை அடைந்து, ‘பகைவன் புகுந்தான், வாயிலை அடை’ என்று ஆணையிடுகின்றது. கல்லீரல் ஹெப்சிடினைப் பெருக்குகின்றது. 2004ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், தாமே முன்வந்த நலமுடையார்க்கு இப்பொருளைச் செலுத்தியபோது, இரண்டு மணி நேரத்துள் அவர்தம் சிறுநீரில் வெளியேறிய ஹெப்சிடின் எழுமடங்குக்கு மேல் உயர்ந்தது. இரத்தத்தில் ஓடும் இரும்போ குறைந்தது. வாயில் அடைபடும் விரைவு இத்தகையது.

உடம்பு தன்னைத் தானே ஏன் இவ்வாறு வருத்திக்கொள்ளவேண்டும் எனின், கூறுதும். நம்மைத் தாக்கும் கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். அஃதின்றி அவை பெருகமாட்டா. ஆகவே பகைவன் கைக்கு எட்டாதவாறு உடம்பு தன் இரும்பை ஒளித்து வைக்கின்றது. நம் புறப்பொருள் இலக்கணத்தில் உழிஞை, நொச்சி என இரண்டு உள. மதிலை முற்றுகையிடுவது உழிஞை. உள்ளிருந்து மதிலைக் காப்பது நொச்சி. முற்றுகைக் காலத்தில் அரசன் கோட்டை வாயிலை அடைக்கின்றான், களஞ்சியத்தையும் பூட்டுகின்றான். முற்றுகை பத்து நாளில் நீங்கினால் அச்செயல் மதிநுட்பமே. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் என்னாகும்? களஞ்சியத்தில் நெல் நிறைந்திருக்க, வீதியில் மக்கள் பசித்திருப்பர். எம் தமக்கையாரின் உடம்பில் நிகழ்ந்தது இதுவே. முடக்குவாதத்தில் வெளியிலிருந்து வந்த பகைவனே இல்லை. உடம்பு தன் கீல்களையே பகையெனப் பிறழ உணர்ந்து போர் தொடுத்தது. இல்லாத பகைவனுக்கு அஞ்சி வாயில் அடைபட்டது.

பறம்பு மலை முற்றுகையுற்றபோது கபிலர் கிளிகளைப் பழக்கி வெளியிலிருந்து கதிர் கொணர்வித்தார் என்னும் செய்தியைச் சங்கப் பாட்டால் அறிகின்றோம். யாம் தமக்கையாருக்கு வாங்கிக் கொடுத்த மாத்திரைகளும் அக்கிளிகள் போன்றனவே. ஆனால் இக்கோட்டையிற் கிளிக்கும் வழியில்லை. குடலணுவின் வாயில் அடைபட்டமையால் மாத்திரையின் இரும்பிற் பெரும்பகுதி குடலோடு நின்றது. குடலின் மேலணுக்கள் சில நாட்களில் உதிர்வன. அவற்றுட் புகுந்த சிறிதளவு இரும்பும் அவற்றொடு வெளியேறிற்று. மலம் கறுத்ததன் காரணம் இதுவே. சுவரொட்டி வாங்க விடியலில் நின்றோமே, அச்சுவரொட்டி ஆட்டின் மண்ணீரல் அன்றோ! தமக்கையாரின் சொந்த மண்ணீரலிலேயே இரும்பு பூட்டிக் கிடந்ததை அறியாமல், ஆட்டின் மண்ணீரலைத் தேடி அலைந்தேம்.

அழற்சி விளைக்கும் தீங்கு இரும்பை அடைத்தலோடு நிற்பதன்று. வேறும் இரண்டு உள. சிறுநீரகத்திலிருந்து எரித்ரோபோயட்டின் என்னும் பொருள் மச்சைக்குச் சென்று ‘செவ்வணு செய்க’ என்று ஊக்கும். அழற்சியில் அப்பொருள் வேண்டுமளவு சுரப்பதில்லை. சுரந்ததற்கும் மச்சை முன்போற் செவிசாய்ப்பதில்லை. இஃது ஒன்று. விழுங்கணுக்கள் அழற்சியால் முனைந்தெழுந்து, செவ்வணுக்களை அவற்றின் வாழ்நாள் முடியுமுன்னரே விழுங்குகின்றன. இது மற்றொன்று. ஆகவே பொருள் கிடைப்பதில்லை, வேலை நடப்பதில்லை, செய்து வைத்ததும் முன்னரே அழிகின்றது. மூன்றும் கூடுதலாற் சோகை விளைகின்றது. இது பெரும்பாலும் மெல்ல வந்து மிதமான அளவில் நிற்பதாகலின், நோயாளியும் அதனைப் பழகிக்கொள்கின்றார்; சுற்றத்தாரோ சோம்பல் என்கின்றனர்.

இவ்வகைச் சோகையை மருத்துவ உலகம் அறிந்தது நேற்று அன்று. அமெரிக்க நாட்டில் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கார்ட்ரைட், விண்ட்ரோப் என்னும் அறிஞர் 1940களிலேயே நோய்த்தொற்றால் வரும் சோகையை ஆராய்ந்தனர். 1966இற் கார்ட்ரைட் இதனை நாட்பட்ட நோய்களின் சோகை என்னும் பெயரால் விரிவாக எழுதினார். இரத்தத்தில் இரும்பு குறைந்தும், சேமிப்பில் இரும்பு நிறைந்தும் இருத்தலை அக்காலத்தார் கண்டிருந்தனர். பூட்டியவன் யார் என்பதை மட்டும் அறிந்திலர். 2002இற் பாஸ்டன் நகரத்து ஆய்வாளர் ஒரு செய்தி வெளியிட்டனர். பிறவிக் கல்லீரல் நோயொன்று உடையார் சிலர்க்குக் கல்லீரலில் கட்டிகள் வளர்ந்திருந்தன. அவர்க்கு இரும்பு கொடுத்தும் தீராத சோகை இருந்தது. அக்கட்டிகள் அளவிறந்த ஹெப்சிடினைச் சுரப்பதைக் கண்டனர்; கட்டி நீங்கியபின் சோகையும் நீங்கிற்று. பூட்டியவன் யார் என்பது அதனால் விளங்கிற்று.

அற்றேல், இரும்புக் குறைவாற் சோகை வந்ததா, அழற்சியால் வந்ததா என்பதை அறிவது எவ்வாறு? முகத்தை நோக்கி அறிதல் அரிது, இரண்டிலும் வெளுப்பே. ஹீமோகுளோபின் அளவும் இரண்டிலும் குறையும். இரத்தத்தில் ஓடும் இரும்பும் இரண்டிலும் குறையும். ஆதலால் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தல் வேண்டும். அதற்குரியது ஃபெரிட்டின் என்னும் சோதனை. இரும்புக் குறைவில் ஃபெரிட்டின் தாழ்ந்திருக்கும். அழற்சியில் அது தாழாது, பெரும்பாலும் உயர்ந்திருக்கும். எம் தமக்கையார்க்கு அது 260 மைக்ரோகிராம் என வந்தது. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்னும் வண்டிகள் இரும்புக் குறைவிற் பெருகும்; அழற்சியிற் பெருகுவதில்லை. இவற்றோடு உடம்பில் அழற்சி உண்டா என்பதை அறிய ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் சோதனைகளும் உள.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. அழற்சி தானே ஃபெரிட்டினை உயர்த்துமாதலின், இரும்பு உண்மையிலேயே குறைந்திருப்பினும் ஃபெரிட்டின் போதுமானது போலத் தோன்றி மயக்கும். இதனைக் கருதியே உலக சுகாதார நிறுவனம் 2020இல் இரண்டு அளவுகளை வகுத்தது. நலமுடைய முதியோர்க்கும் இளையோர்க்கும், குழவிப் பருவம் கடந்தார்க்கு, லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் இரும்புக் குறைவு. நோய்த்தொற்றோ அழற்சியோ உடையார்க்கு 70க்குக் குறைந்தாலே குறைவு எனக் கொள்ளவேண்டும். இரண்டு காரணமும் ஒருவரிடத்தே ஒருங்கே இருத்தலும் உண்டு. நம் நாட்டு மகளிரிடம் அஃது அரிதன்று. ஆதலின் சோதனைச் சீட்டைக் கண்டு நாமே முடிவு கூறுதல் தகாது, மருத்துவரே கூறவேண்டும்.

மருந்து யாது எனின், முற்றுகையை நீக்குதலே மருந்து. காசநோய்க்கு அதன் மருந்தை முழுமையாக உண்டால் அழற்சி தணியும், அழற்சி தணிந்தால் ஹெப்சிடின் குறையும், வாயில் திறக்கும், பூட்டிய இரும்பு தானே வெளிவரும். முடக்குவாதத்துக்கும் அவ்வாறே. சிறுநீரக நோயில் எரித்ரோபோயட்டினை ஊசியாலும், குடல் வாயிலை விடுத்து இரும்பை நரம்பு வழியாகவும் மருத்துவர் செலுத்துகின்றனர். எம் தமக்கையார்க்குக் கீல்களின் அழற்சியைத் தணிக்கும் மருந்தை மருத்துவர் தொடங்கினார்; டானிக்கு வேண்டா என நிறுத்தினார். எட்டுத் திங்களில் ஹீமோகுளோபின் 11.6 ஆயிற்று. கடந்த மார்கழியில் அவர் வாசலிற் பெரிய கோலமிட்டிருந்தார். யாம் சென்று நின்றபோது, “தம்பி, சுவரொட்டி வாங்கி வந்தாயோ?” என்று நகைத்தார். யாம் தலை குனிந்தேம்.

நோயைத் துணிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பின்னரே தணிக்கும் வழி தேடவேண்டும் என்பது மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறை. அக்குறளை யாம் வகுப்பில் இருபது ஆண்டுகளாக நடத்தி வருகின்றேம். மாணாக்கர் பதவுரை தவறினால் திருத்துகின்றேம். எம் தமக்கையார் வீட்டு வாசலில் அதன் பொருளையே தவறவிட்டேம். சோகையை நோய் என்று கொண்டேம். அது நோயின் குறி என்பதை உணர்ந்திலேம்.

இனி நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் இவ்விழாவில் நம் மகளிர்க்கு டானிக்குப் புட்டிகள் வழங்கி வருகின்றோம். அது நன்னோக்கம் உடைய அறம். கொடுத்தாரைக் குறை கூறுதல் எம் கருத்தன்று. அதற்கு நன்கொடை திரட்டியவருள் யாமும் ஒருவரே. ஆயினும் புட்டியைப் பெற்றுச் சென்றவர் நலம் பெற்றாரா என்று நாம் ஓராண்டிலேனும் கேட்டதுண்டா? கேளாத கொடை பாதிக் கொடை. எனவே அப்பணத்தில் ஒரு பகுதியை இரத்தச் சோதனைக்கு ஒதுக்க வேண்டுகின்றேம். முதலில் சோதனை, பின்னர் மருத்துவர் கூறிய மருந்து, ஒன்று அல்லது இரண்டு திங்கள் கழித்து மறுசோதனை. மருந்தை ஒழுங்காக உண்டும் ஹீமோகுளோபின் உயராதார் எவரோ, அவரைப் பழித்தல் ஒழித்து, அவர்க்கு ஃபெரிட்டினும் அழற்சிச் சோதனையும் செய்வித்தல். இதற்கு ஆகும் செலவு, பயன் தராத புட்டிகளுக்கு ஆகும் செலவினும் மிகாது என நம்புகின்றேம்.

சோதனைக்கு முன் செலவின்றிச் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு, அது கேட்டல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா? மாலையில் இளஞ்சுரம் வருகின்றதா? உடல் இளைக்கின்றதா? காலையில் விரல்கள் இறுகுகின்றனவா? முகமோ காலோ வீங்குகின்றதா? நீரிழிவு நெடுங்காலமாக உண்டா? இவற்றுள் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று விடை வரினும், சோகையைத் தனி நோயாகக் கருதாது மருத்துவரை அடுத்தல் வேண்டும். 2024இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை, உலகிற் புதிதாகக் காசநோய் உற்றாருள் கால்பங்கினர் இந்திய நாட்டினர் எனக் கூறுகின்றது. ‘சோகை பிடித்த பெண்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் இளநங்கை ஒருத்தியின் நெஞ்சில் அந்நோய் ஒளிந்திருக்கலாம் என்பதைத் தாய்மார் மறவாதிருப்பாராக. காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து விலையின்றித் தரப்படுகின்றது. அதனை மறைப்பதே இழுக்கு, உடைமை இழுக்கன்று.

ஒன்றை ஈண்டு வற்புறுத்திக் கூறக் கடமைப்பட்டுள்ளேம். இச்சொற்பொழிவைக் கேட்டு எவரும் மருத்துவர் தந்த இரும்பு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. கருவுற்ற மகளிர்க்கு அஃது இன்றியமையாதது. மாதவிடாய் மிகுதியாலும், கொக்கிப்புழுவாலும், உணவுக் குறைவாலும் வரும் சோகைக்கு இரும்பே மருந்து. யாம் மறுப்பது இரும்பை அன்று, ஆராயாமையை. இரும்பு மாத்திரை உண்ணாமலே மலம் கறுப்பின், அது குடலில் இரத்தம் கசிவதன் குறியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்க. முதிய ஆடவர்க்குச் சோகை வரின், ‘வயதாயிற்று’ என்று விடாமல் காரணத்தை ஆராய்க. சோகை முதுமையின் இயல்பு அன்று.

நம் இல்லங்களில் மகளிர் தம் நோவைக் கூறுவதில்லை, கேட்பாரும் குறைவு. களைத்தவரைச் சோம்பேறி என்பதும், உண்டும் தேறாதவரை உண்ணாதவர் என்பதும் நமக்கு எளிதாகிவிட்டன. எம் தமக்கையார் மூன்று ஆண்டுகள் விரல் மடங்காமல் விடியலைக் கழித்தார்; அவரால் வளர்க்கப்பட்ட தம்பி, கற்றவன் என்று பெயர் பெற்றவன், ஒருநாளும் கேட்டிலன். மருத்துவர் கேட்ட ஒரு வினாவை யாம் மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே கேட்டிருத்தல் கூடும். அதற்கு மருத்துவப் படிப்பு வேண்டா. இன்று இல்லம் திரும்பியதும், உங்கள் தாயாரை, தமக்கையாரை, மனைவியாரை, மகளை அருகிருத்தி ‘உடம்புக்கு என்ன செய்கின்றது?’ என்று கேளுங்கள். அவர் ‘ஒன்றுமில்லை’ என்பார். இரண்டாம் முறையும் கேளுங்கள்.

விண்ணப்பத்தைச் செயற்குழுவினர் ஆராய்ந்து முடிவு செய்வாராக. நம் இல்லத்தார் எல்லாரும் நோயின்றி வாழ்வாராக.